அப்பாவின் ரேஸ் நோட்டும் வாசலில் நிற்கும் கடன்காரரும்

சென்னைப் புறநகரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அரசு அலுவலகமொன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற அவருடைய தந்தை பதினொரு மாதங்களுக்கு முன் மாரடைப்பால் காலமானார். கிண்டிக்குக் குதிரைப் பந்தயம் பார்க்கப் போவார் என்பது வீட்டுக்குத் தெரியும். எவ்வளவு போட்டார், எவ்வளவு விட்டார் என்பது யாருக்கும் தெரியாது. காரியம் முடிந்த மூன்றாவது வாரத்தில், அதுவரை அப்பாவின் நண்பர் என்று மட்டும் அறிந்திருந்த ஒருவர் வீட்டுக்கு வந்து 4,35,000 ரூபாய் வர வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அதில் 1,45,000 'புக் பாக்கி', 2,00,000 புரோநோட்டுக் கடன், 90,000 வட்டி. வட்டி வாரத்துக்கு நூற்றுக்கு ஐந்து ரூபாய் என்று பேச்சாம். புரோநோட்டைத் தூரத்திலிருந்து காட்டினாரே தவிர நகல் தரவில்லை.

பீரோவில் தந்தையின் நீள நோட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அதன் பக்கங்கள் ஆங்கில எழுத்துச் சுருக்கங்களும் எண்களுமாக நிறைந்திருக்கின்றன. 'எஃப்பி 152', 'எஸ்ஹெச்பி 46' என்ற வரிகளைப் பார்த்த வாசகி, அப்பா அந்த முதலெழுத்துகள் உள்ள ஆட்களிடமும் கடன் வாங்கியிருக்கிறார் என்று அஞ்சுகிறார். 'ஜாக் 1,84,000' என்றொரு வரியைப் பார்த்துவிட்டு, அவ்வளவு பணத்தை ஜெயித்து எங்கே வைத்தார் என்று தம்பி தேடுகிறார். அப்பாவின் பெயர் கெடாமல் வீட்டை அடகு வைத்தாவது கொடுத்துவிடலாம், இல்லாவிட்டால் அவர் ஆத்மா சாந்தியடையாது, அந்த நோட்டையும் எரித்துவிடலாம் என்கிறார் தாய். சூதாட்டக் கடன் எந்தக் கோர்ட்டிலும் செல்லாது, பேசாமல் இருங்கள் என்கிறார் தாய்மாமன். குதிரைப் பந்தயம் சூதாட்டமே அல்ல என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, ஆகவே தம் பணம் சட்டப்படி வர வேண்டியது என்கிறார் வந்தவர். தம்பியோ இப்போது நோட்டிலுள்ள கணக்கைப் படித்து, அப்பா விட்டதை அதே இடத்தில் எடுத்துவிடலாம் என்று பேசத் தொடங்கியிருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தையும் நீங்கள் எடுத்தெழுதியிருந்த நோட்டுப் பக்கங்களையும் பலமுறை படித்தேன். முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். அந்த நோட்டை எரித்துவிட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். எதைக் கொடுக்க வேண்டும், எதைக் கொடுக்க வேண்டியதில்லை என்பதை உங்கள் குடும்பத்துக்குச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி இப்போது அதுதான். அதிலுள்ள சொற்கள் புரியாதவரை 4,35,000 என்பது ஒரே கடனாகத் தோன்றும். புரிந்துவிட்டால் அது வெவ்வேறு சட்டத் தன்மையுள்ள துண்டுகளாகப் பிரிந்துவிடும். ஆகவே சட்டத்துக்கு முன் சொற்களிலிருந்து தொடங்குகிறேன்.

எஃப்பி என்பது ஆள் அல்ல

நீங்கள் அஞ்சிய அந்த வரி முழுவதையும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்: 'டபிள்யூ 27, பி 13, 18, 11, எஸ்ஹெச்பி 46, எஃப்பி 152, க்யூ 88, டிஎல்ஏ 634.' இதில் ஆட்கள் யாரும் இல்லை. கடனும் இல்லை. இது ஒரு பந்தயத்தின் முடிவு. நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கத்தில் பந்தய முடிவுகள் இந்தச் சுருக்கங்களோடுதான் அச்சாகும். உங்கள் தந்தை அதைப் பார்த்து எழுதியிருக்கலாம், திடலில் அறிவித்ததைக் கேட்டும் குறித்திருக்கலாம்.

டபிள்யூ என்பது வின், அதாவது முதலில் வந்த குதிரையின் மேல் கட்டியவருக்குக் கிடைத்த தொகை. பி என்பது பிளேஸ். ஓடும் குதிரைகளின் எண்ணிக்கையைப் பொறுத்து முதல் இரண்டு அல்லது மூன்று இடங்களுக்குள் வந்த குதிரைகளுக்குரியது. அதனால்தான் அங்கே மூன்று எண்கள் இருக்கின்றன. எஸ்ஹெச்பி என்பது இரண்டாவதாக வரும் குதிரையைச் சரியாகச் சொன்னவர்களுக்கானது. எஃப்பி என்பது ஃபோர்காஸ்ட், முதல் இரண்டு குதிரைகளையும் வந்த வரிசையிலேயே சொல்ல வேண்டும். க்யூ என்பது க்வினெல்லா, அதே இரண்டு குதிரைகள் முன்பின்னாக வந்தாலும் செல்லும். எளிது என்பதால் தொகையும் பெரும்பாலும் குறைவு, 152-க்கு 88 என்று நிற்பதைப் பாருங்கள். டிஎல்ஏ என்பது டானாலா, முதல் மூன்று குதிரைகளையும் வரிசை மாறாமல் சொல்வது. நானும் இந்தச் சொல்லை முதன்முதலில் என்னிடம் வழக்கு விஷயமாக வந்த ஒரு கட்சிக்காரர் கொண்டுவந்த டிக்கெட்டில்தான் பார்த்தேன்; அன்று அதன் பொருளை அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

இந்த எண்கள் எல்லாம் பத்து ரூபாய் டிக்கெட் ஒன்றுக்குக் கிடைக்கும் டிவிடெண்ட். 'எஃப்பி 152' என்றால் பத்து ரூபாய்க்கு 152 ரூபாய் கிடைத்தது என்று பொருள். அந்த டிக்கெட் உங்கள் தந்தையிடம் இருந்ததா என்பதை அந்த வரி சொல்லவில்லை.

இந்தத் தொகைகள் 'டோட்' எனப்படும் டோட்டலைசேட்டரில் உருவாகின்றன. 1860-களில் பாரிஸில் ஜோசப் ஓலர் என்பவர் கண்ட முறை இது. ஒரு பந்தயத்துக்கு எல்லோரும் கட்டிய பணம் ஒரு குளத்தில் சேர்கிறது. அதிலிருந்து கிளப்பின் பங்கு கழிந்த பிறகு மீதி, வென்ற டிக்கெட்டுகளுக்குள் பிரிகிறது. எடுத்துக்காட்டுக்கு, வின் குளத்தில் 1,00,000 ரூபாய் சேர்ந்து, 20,000 கழிந்து, வென்ற குதிரையின் மேல் மட்டும் 40,000 ரூபாய் கட்டப்பட்டிருந்தால், 80,000-ஐ 4,000 பத்து ரூபாய் டிக்கெட்டுகளுக்குப் பிரித்து டிக்கெட்டுக்கு 20 ரூபாய் கிடைக்கும். உங்கள் வழக்குக்கு இதில் முக்கியமான ஒன்று இருக்கிறது. டோட் ஜன்னலில் கடன் கிடையாது. பணத்தைக் கொடுத்தால்தான் டிக்கெட் வரும். ஆகவே நோட்டில் 'எஃப்பி 4-7, 10 டிக்கெட்' என்பது போல் டிக்கெட் எண்ணிக்கையோடு உள்ள வரிகள் எதுவும், அவை எத்தனை நூறு இருந்தாலும், யாருக்கும் பாக்கியில்லாதவை. அந்தப் பணம் போனது போனதுதான். உங்கள் தலையில் அது வராது.

'ஜாக் 1,84,000' என்பது ஜாக்பாட். தொடர்ந்து வரும் ஐந்து பந்தயங்களின் வெற்றிக் குதிரைகளையும் ஒரே டிக்கெட்டில் சொல்வது வழக்கமான ஜாக்பாட். அந்தத் தொகை அன்றைய டிவிடெண்டாக இருக்கலாம், யாரும் வெல்லாததால் அடுத்த நாளுக்குக் கொண்டுசெல்லப்பட்ட குளத்தொகையாகவும் இருக்கலாம். உங்கள் தந்தை வென்றாரா என்பதை அறிய பீரோவைக் குடைய வேண்டியதில்லை. குதிரைப் பந்தயத்தில் 10,000 ரூபாய்க்கு மேல் வென்றால் 30 விழுக்காடு வருமான வரியைப் பிடித்துக்கொண்டுதான் பணம் தருவார்கள். அந்தப் பிடித்தம் அவருடைய பான் எண்ணில் படிவம் 26ஏஎஸ்-இல் ஏறியிருக்கும். சட்டப்படியான வாரிசாக வருமான வரித் தளத்தில் பதிவு செய்துகொண்டு அதைப் பார்த்துவிடலாம். அங்கே இல்லையென்றால், வென்ற பணம் எங்கே என்ற தேடலைத் தம்பி நிறுத்திக்கொள்ளலாம்.

பாக்கி என்ற சொல் எங்கே வருகிறது?

நீங்கள் எழுதியனுப்பிய பக்கங்களில் வேறொரு வகை வரி இருக்கிறது: '4-ஆம் நம்பர், 5/2, 2000, பாக்கி.' இது டோட் அல்ல, புக்மேக்கரின், அதாவது தாமே விகிதம் சொல்லிப் பந்தயப் பணம் எடுப்பவரின், ஆட்ஸ். 5/2 என்றால் இரண்டு ரூபாய் கட்டியவருக்கு ஐந்து ரூபாய் லாபம்; 2,000 கட்டி வென்றிருந்தால் 5,000 ரூபாயும் கட்டிய 2,000-மும் கிடைத்திருக்கும். டோட்டில் பந்தயம் முடிந்த பிறகுதான் தொகை தெரியும். புக்மேக்கரிடம் கட்டும் நொடியிலேயே விகிதம் உறுதியாகிவிடும். அவருக்கு ஆளைத் தெரிந்திருந்தால் பணம் பிறகு தரலாம் என்று கணக்கில் எழுதிக்கொள்வார். 'பாக்கி' என்ற சொல் உங்கள் நோட்டில் இந்த வகை வரிகளில் மட்டுமே வருவது தற்செயல் அல்ல. வந்தவர் 'புக் பாக்கி' என்று சொல்வதும் இதைத்தான். அதாவது உங்கள் தந்தையிடம் பெட் எடுத்தவர் தாமே என்பதை அவர் தம் வாயால் ஒப்புக்கொள்கிறார். அவர் எப்படிப்பட்ட நண்பர் என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

கேட்கப்படும் தொகைகள் சட்டத்தின் முன்

முதலில் 1,45,000 ரூபாய் புக் பாக்கி. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 30-ஆம் பிரிவு, பந்தயம் கட்டும் ஒப்பந்தங்கள் செல்லாதவை என்றும், அப்படி வென்றதாகச் சொல்லும் எதையும் வசூலிக்க வழக்குத் தொடர முடியாது என்றும் சொல்கிறது. அதே பிரிவில் குதிரைப் பந்தயத்துக்கு ஒரு விலக்கு இருக்கிறது. அதை அரைகுறையாகப் படித்துவிட்டுச் சிலர் குதிரைப் பந்தயக் கடன் செல்லும் என்று பேசுவார்கள். அந்த விலக்கு, பந்தயத்தில் வெல்பவருக்கு வழங்கும் 500 ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட பரிசுக்காகச் செலுத்தும் சந்தாவுக்கு மட்டுமே உரியது. வெளியில் நின்று குதிரையின் மேல் பணம் கட்டுபவருக்கும் அதை எடுப்பவருக்கும் அதில் இடமில்லை.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் பற்றி வந்தவர் சொன்னது பாதி உண்மை. 1996-இல் டாக்டர் கே.ஆர். லக்ஷ்மணன் வழக்கில், குதிரைப் பந்தயம் முதன்மையாகத் திறமை சார்ந்த விளையாட்டு என்றும், சென்னை நகரக் காவல் சட்டம், 1888 மற்றும் தமிழ்நாடு சூதாட்டச் சட்டம், 1930 ஆகியவற்றின் பொருளில் அது சூதாட்டம் ஆகாது என்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுவதை ஒழிக்க 1974-இல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டமும் அந்த வழக்கில் எதிர்க்கப்பட்டது. பந்தயத்தை நடத்துவதும், அதற்கென ஒதுக்கப்பட்ட வளாகத்துக்குள் பணம் கட்டுவதும் குற்றமல்ல என்பதுதான் அதன் பயன். உரிமம் எதுவுமில்லாமல் தொலைபேசியிலும் டீக்கடை வாசலிலும் பெட் எடுப்பவருக்கு அந்தத் தீர்ப்பு குடை பிடிக்காது. ஒரு செயல் குற்றமல்ல என்பதும், அதிலிருந்து வரும் பாக்கியை நீதிமன்றம் வசூலித்துத் தரும் என்பதும் வேறு வேறு. ஆகவே இந்த 1,45,000 ரூபாயைக் கேட்டு அவர் வழக்குப் போட முடியாது என்பது என் தெளிவான கருத்து.

இனி 2,00,000 ரூபாய் புரோநோட்டு. உங்கள் மாமா உங்கள் நலம் கருதித்தான் பேசியிருக்கிறார்; ஆனால் இந்த ஓரிடத்தில் அவர் சொல்வதை அப்படியே நம்பிவிடாதீர்கள். பந்தய ஒப்பந்தம் செல்லாதது என்றாலும் அது சட்டவிரோதமானது என்று ஆகிவிடாது என்றும், அதைச் சார்ந்து எழும் வேறோர் ஒப்பந்தம் செல்லக்கூடும் என்றும் 1959-இல் கெருலால் பாரக் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. பழைய பம்பாய் மாகாணப் பகுதிகளில் இத்தகைய சார்பு ஒப்பந்தங்களையும் செல்லாததாக்கும் தனிச் சட்டம் உண்டு. தமிழ்நாட்டில் அது இல்லை. எனவே மூன்றாம் மனிதர் ஒருவர் கைமாற்றாகப் பணம் கொடுத்து, உங்கள் தந்தை அதைக் கொண்டுபோய்ப் பந்தயத்தில் விட்டிருந்தால், அது பெரும்பாலும் செல்லக்கூடிய கடனே. அதோடு, கையெழுத்துள்ள புரோநோட்டுக்குப் பின்னால் பணம் கைமாறியது என்று மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 118-ஆம் பிரிவு அனுமானிக்கிறது. இல்லை என்று காட்டும் பொறுப்பு நம்முடையது.

அதைக் காட்ட உங்களிடம் என்ன இருக்கிறது? 'மார்ச் 14' என்று தலைப்பிட்ட பக்கத்தின் அடியில் உங்கள் தந்தை எழுதியிருக்கும் ஒரே ஒரு வரி: 'பழைய பாக்கி 1,20,000 + ரொக்கம் 80,000 = நோட்டு 2,00,000.' கடிதத்தில் நீங்கள் இதைப் போகிறபோக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். என் பார்வையில் நோட்டிலேயே விலைமதிப்புள்ள வரி இதுதான். அந்தப் புரோநோட்டில் 1,20,000 ரூபாய் கடனே அல்ல, பெட் பாக்கியைக் கடன் வேடத்தில் எழுதி வாங்கியது என்று அது சொல்கிறது. ஒரு புரோநோட்டுக்கு ஈடாகத் தர வேண்டிய பணத்தில் ஒரு பகுதி தொடக்கத்திலிருந்தே தரப்படவில்லை என்றால், எழுதி வாங்கியவர் அந்த அளவுக்குக் குறைத்துத்தான் பெற முடியும் என்பது மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு. இதற்கு மேலும் ஒரு வாதம் உண்டு. பெட் எடுத்தவரே கடன் கொடுத்தவராகவும் இருந்து, அந்த பெட் உரிமமின்றி வளாகத்துக்கு வெளியே எடுத்த குற்றச் செயலாக இருந்தால், ஒரே புரோநோட்டுக்குள் சட்டவிரோதமான பகுதியும் கலந்திருக்கிறது என்று சொல்லி முழுப் புரோநோட்டையுமே எதிர்க்கலாம். இதில் நீதிமன்றம் எப்படி முடிவெடுக்கும் என்று முன்கூட்டி உறுதி தர மாட்டேன்.

எனவே உங்கள் குடும்பத்துக்கு மிக மோசமான நிலை வந்தாலும் பேச வேண்டிய எண் 80,000-ஐ ஒட்டியதே. ஆனால் நோட்டின் அந்த வரி இரண்டு பக்கமும் வெட்டும். 1,20,000-ஐத் தள்ள அதைக் காட்டினால், 80,000 ரொக்கம் வாங்கியதையும் அதுவே ஒப்புக்கொண்டுவிடும். ஒரு பாதியை மட்டும் காட்டி மறுபாதியை மறைப்பது சரியுமல்ல, நீதிமன்றத்தில் நிற்கவும் நிற்காது.

வட்டியைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. வாரத்துக்கு நூற்றுக்கு ஐந்து என்றால் ஆண்டுக்கு 260 விழுக்காடு. தமிழ்நாடு அதிக வட்டி வசூலித்தல் தடைச் சட்டம், 2003, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே இப்படிப்பட்ட வசூலைக் குற்றமாக்கியிருக்கிறது. மூன்றாண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. அந்த 90,000-ஐக் கேட்பதால் சங்கடம் அவருக்குத்தான்.

அப்பாவின் கடன் பிள்ளைகளைச் சேருமா?

அம்மாவின் கலக்கத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தகப்பன் பட்ட கடனை மகன் தீர்க்க வேண்டும் என்ற எண்ணம் நம் வீடுகளில் ஆழமானது. பழைய இந்துச் சட்டத்திலும் அது மகனின் புனிதக் கடமையாக இருந்தது. ஆனால் அந்தப் பழைய சட்டமே இந்தக் கடனை விலக்கி வைத்திருக்கிறது என்பதை அம்மாவுக்குச் சொல்லுங்கள். சூதில் தோற்றதையும் மதுவுக்காகப் பட்ட கடனையும் மகன் கொடுக்கக் கடமைப்பட்டவன் அல்லன் என்று மனுஸ்மிருதியின் எட்டாம் அத்தியாயம் வெளிப்படையாகவே கூறுகிறது. ஆத்மா சாந்தியடையாது என்று அவர் எந்த மரபை நினைத்து அஞ்சுகிறாரோ, அந்த மரபிலேயே விடுதலை இருக்கிறது. இன்றைய சட்டமோ இன்னும் தெளிவானது. 2005-இல் திருத்தப்பட்ட இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி, அதன் பிறகு ஏற்பட்ட கடனுக்காக, புனிதக் கடமை என்ற காரணத்தை மட்டும் காட்டி மகன் மேல் நடவடிக்கை எடுக்க முடியாது.

மிஞ்சுவது இதுதான்: செல்லக்கூடிய கடன் ஏதேனும் இருந்தால், தந்தை விட்டுச்சென்ற சொத்து உங்கள் கைக்கு வந்த அளவுக்கு மட்டுமே அதற்கு நீங்கள் பொறுப்பு. உங்கள் சம்பளமும் தம்பியின் சம்பளமும் அதில் சேராது. அம்மா வாங்கும் குடும்ப ஓய்வூதியம் அவருக்குரிய உரிமை, தந்தையின் சொத்து அல்ல. வீடு யார் பெயரில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. பத்திரம் அம்மாவின் பெயரில் இருந்து அது அவருடைய சொத்தே என்றால் கடன் கேட்பவர் அதைத் தொடவே முடியாது. தந்தையின் பெயரில் இருந்தால் தாய், நீங்கள், தம்பி மூவருக்கும் அதில் சம பங்கு உண்டு. எந்த நிலையிலும் வீட்டை அடகு வைப்பதற்கான காரணம் எனக்குத் தென்படவில்லை.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

நோட்டின் எல்லாப் பக்கங்களையும் வரிசையாகப் படமெடுத்து இரண்டு இடங்களில் சேமித்துவிட்டு, அசலை வங்கிப் பெட்டகத்திலோ நம்பிக்கையான உறவினரிடமோ வையுங்கள். தேதியோ குறிப்போ எதையும் நீங்களாக அதில் எழுத வேண்டாம்.

வந்தவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். சமாதானத்துக்காக ஐந்நூறு, ஆயிரம் கொடுத்துக் கையெழுத்திட்டால், அதைக் கடனை ஒப்புக்கொண்ட செயலாகக் காட்டி, வழக்குப் போடுவதற்கான காலவரையறையை நீட்டிக்க அவர் முயல்வார். அதைவிட ஆபத்தானது புதிய புரோநோட்டு. தம்பி ஒரு கையெழுத்துப் போட்டால் இறந்தவரின் கடன் அந்த நொடியே அவருடைய சொந்தக் கடனாக மாறிவிடும். வாட்ஸப்பில் 'கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிறோம்' என்று எழுதுவதும் வேண்டாம்.

தந்தையின் கணக்குள்ள வங்கிக்கு இறப்புச் சான்றிதழைக் கொடுத்திருக்கிறீர்களா என்று உறுதி செய்யுங்கள். வெற்றுக் காசோலையில் கையெழுத்து வாங்கி வைத்திருந்தாலும், அது திரும்பியதற்காக உங்கள் மேல் காசோலை மோசடி வழக்கு வராது. அந்தக் குற்றப் பொறுப்பு காசோலையில் கையெழுத்திட்டவருடையது, வாரிசுகளுக்கு இறங்காது.

வழக்கறிஞர் மூலம் ஓர் அறிவிப்பு அனுப்புங்கள். புரோநோட்டின் நகலையும், பணம் கொடுத்த தேதிக்கான ஆதாரத்தையும் கேட்பதோடு, இனி பேச்சு எழுத்து மூலமாகவே நடக்க வேண்டும் என்பதையும் அதில் சொல்லுங்கள். தம்பியின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மீண்டும் மிரட்டினால் தேதி, நேரத்தோடு குறித்துக்கொண்டு காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். வார வட்டி கேட்டதை அதில் கட்டாயம் சேருங்கள். கட்டணத்துக்கு யோசிக்க வேண்டாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு போதும்.

தம்பியிடம் பேச வேண்டியது

கடன்காரரைவிட எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். உங்கள் தந்தையின் நோட்டில் கணக்கு இருப்பதால், அதில் ஒரு வழியும் இருக்கிறது என்று தம்பி நினைக்கிறார். எடை, ஜாக்கி, டிராக் ஒர்க் எனும் பயிற்சி ஓட்டம், முந்தைய ஓட்டங்கள் ஆகியவற்றைக் கூர்ந்து பார்ப்பவருக்கும் கண்ணை மூடிக் கட்டுபவருக்கும் வித்தியாசம் உண்டு என்பது உண்மைதான். உச்ச நீதிமன்றம் திறமை என்றதும் அதையே. ஆனால் திறமை இருந்தாலும் எதை எதிர்த்து ஆட வேண்டியிருக்கிறது என்பதை அவர் காகிதத்தில் போட்டுப் பார்க்கட்டும்.

நான்கு குதிரைகள் ஓடும் பந்தயத்தில் ஆட்ஸ் முறையே சரிக்குச் சரி, 2/1, 4/1, 9/1 என்று வைத்துக்கொள்ளுங்கள். இவற்றை வெற்றி வாய்ப்பாக மாற்றினால் 50, 33.3, 20, 10 விழுக்காடு. கூட்டினால் 113.3 வருகிறது. நடக்கக்கூடிய எல்லாம் சேர்ந்தாலும் நூறுதான் இருக்க முடியும். மேலே நிற்கும் 13.3 புக்மேக்கர் தமக்காகப் பின்னி வைத்த இடைவெளி. டோட்டில் அந்த இடைவெளி கழிவு என்ற பெயரில் இருக்கிறது. அதன் மேல் கட்டும் தொகைக்கு ஜிஎஸ்டி வருகிறது. 28 விழுக்காடாக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 40 ஆகிவிட்டது. வென்றால் வருமான வரி வேறு. நான்கு ஞாயிறுகளில் 50,000 விட்டு ஐந்தாவது ஞாயிறு 50,000 வென்றவர் கணக்குச் சரியாகிவிட்டது என்று நினைப்பார். ஆனால் வென்ற 50,000-க்கு 15,000 வரி போகும், விட்ட 50,000-ஐ அதில் கழிக்கச் சட்டம் இடம் தராது.

இதையும் மீறி அவர் போகத் தொடங்கிவிட்டார் என்று தெரிந்தால் கோபித்துக்கொண்டு பேச்சை நிறுத்திவிடாதீர்கள். சூதாட்டப் பழக்கத்தை உலக சுகாதார நிறுவனம் நோயாக வகைப்படுத்தியிருக்கிறது. மனநல மருத்துவரிடம் அதற்குச் சிகிச்சை உண்டு. முதலில் பேச ஓர் ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

மார்ச் 14, எந்த ஆண்டு?

இவ்வளவுக்கும் பிறகு ஒரே ஒரு விவரம் எல்லாவற்றையும் மாற்றக்கூடும். கேட்டவுடன் தர வேண்டிய புரோநோட்டுக்கு, அது எழுதிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள்தான் காலவரையறை. இடையில் எழுத்து மூலமான ஒப்புதலோ முறையாகக் குறித்த பகுதித் தொகையோ இல்லாவிட்டால், மூன்று ஆண்டுகள் கழிந்த புரோநோட்டை வைத்து அவர் வழக்குப் போட முடியாது. அந்த 80,000-மும் சேர்ந்து போய்விடும். நகலைத் தர அவர் தயங்குவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்று எனக்கு ஓர் ஐயம். உங்கள் தந்தை எழுதிய பக்கத்தில் 'மார்ச் 14' இருக்கிறது, ஆண்டு இல்லை.

ஆனால் அதே பக்கத்தின் மேல்பாதியில்தான் அந்த வரி இருக்கிறது: டபிள்யூ 27, பி 13, 18, 11, எஸ்ஹெச்பி 46, எஃப்பி 152, க்யூ 88, டிஎல்ஏ 634. இத்தனை எண்களும் இதே வரிசையில் இன்னொரு பந்தயத்தில் அமைவது அரிது. அது கைரேகை மாதிரி. ஒரு நூலகத்துக்குப் போய், பந்தய முடிவுகளை வெளியிடும் ஆங்கில நாளிதழின் கடந்த ஏழெட்டு ஆண்டுகளின் மார்ச் 14, 15 தேதி இதழ்களை வாங்கி, விளையாட்டுப் பக்கத்தைப் பாருங்கள். கிண்டி மட்டுமல்ல, பெங்களூரு, ஹைதராபாத், மும்பை முடிவுகளையும் பாருங்கள். வெளியூர்ப் பந்தயங்களுக்கும் கிண்டியிலிருந்தே பணம் கட்டும் இன்டர் வென்யூ முறை இருந்தது. எந்த ஆண்டில் அந்த எண்கள் பொருந்துகின்றனவோ, அந்தப் பக்கத்தை நகலெடுத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். அறிவிப்பில் என்ன சொல்வது என்பதை அதன் பிறகு முடிவு செய்யலாம்.